சோத்தை விட்டும் ஏன் இவ்வளவு பசி? – வாசகர் கேள்வி பதில்

போன முறை "டயட் இருக்கிறவங்க பசியைப் பத்திக் கேளுங்க" எண்டு ஒரு வரிதான் போட்டம், வந்து குவிஞ்ச கடிதங்களையும் வட்ஸ்அப் மெசேஜ்களையும் வாசிச்சு முடிக்கவே எனக்கு ரெண்டு பின்னேரம் போச்சுது. எல்லாத்திலயும் ஒரு விஷயம் பொதுவா இருக்கு, பசி தாங்க ஏலாமப் போனதுக்கு ஆக்கள் தங்களைத் தாங்களே ஏசிக்கொள்றாங்க. அதை வாசிக்க எனக்கு சரியான கவலை. அதால சில கேள்விகளுக்கு கொஞ்சம் நீட்டியே எழுதுறன், குறை நினைக்காதீங்க.

அக்கா, நான் மூண்டு கிழமையா சோறு, பாண், இடியப்பம் ஒண்டும் தொடுறதில்ல. முதல் கிழமையே மூண்டு கிலோ இறங்கிச்சு, பிறகு அப்பிடியே நிண்டுட்டுது. இப்ப பின்னேரம் நாலு மணி ஆனா வயிறு பத்துது, நேத்து மகளுக்கு வாங்கி வச்ச பிஸ்கட் பெக்கற் முழுக்க நான்தான் முடிச்சன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? – வெள்ளவத்தை வாசகி, 34 வயது

தங்கச்சி, அந்த மனக்கட்டுப்பாட்டுக் கதையை முதல்ல விடுங்க. நீங்க எழுதின சாப்பாட்டு விவரத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன். காலமை சீனி போடாத பிளேன்டீ, பத்து மணிக்கு ஒரு அப்பிள், மத்தியானம் கக்கரிக்காயும் கரட்டும் தக்காளியும் வெட்டின சலட், இரவு மரக்கறி சூப். சோத்தை எடுத்தது சரி, எடுத்த இடத்தில நீங்க ஒண்டுமே வைக்கேல்லயே? நாள் முழுக்கப் பாத்தா ஒரு ரெண்டு முட்டையில இருக்கிற அளவு புரதம் கூட வருமோ தெரியாது, பருப்பு இல்ல, மீன் இல்ல, கடலை இல்ல, தேங்காய் கூட இல்ல. இப்பிடி இருந்தா நாலு மணிக்கு எந்த உடம்பும் பிஸ்கட் பெக்கற்றைத் தேடித்தான் போகும்.

முதல் கிழமை இறங்கின மூண்டு கிலோவைப் பத்தியும் சொல்லோணும், ஏனெண்டா அதுதான் கன பேரை ஏமாத்துறது. எங்கட ஈரலிலயும் தசையிலயும் மாச்சத்து கிளைக்கோஜன் எண்ட பேரில சேமிப்பாக் கிடக்கும், வளந்த ஆள் ஒருத்தருக்கு கிட்டத்தட்ட 400, 500 கிராம், அதில ஒவ்வொரு கிராமும் மூண்டு கிராம் அளவு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், நீங்க சோறு பாண் எல்லாத்தையும் ஒரே நாள்ல நிப்பாட்டினா அந்தச் சேமிப்புக் கரையும், அதோட தண்ணியும் போகும், தராசு சடாரெண்டு இறங்கும். கொழுப்புக் கரையிறது அதை விட எவ்வளவோ ஆறுதலா நடக்கிற வேலை. அதால ரெண்டாம் கிழமை தராசு நிண்டது உங்கட தோல்வி இல்ல, தண்ணி போய் முடிஞ்சிட்டுது, அவ்வளவுதான். பிஸ்கட் சாப்பிட்ட அடுத்த நாள் ஒரு கிலோ கூடிக் காட்டினாலும் அதே தண்ணிதான் திரும்பி வந்தது, அதுக்குப் பயந்து அடுத்த நாள் பட்டினி கிடக்க வேண்டாம்.

இன்னொண்டு. பசி எண்டது வயித்துக்குள்ள மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. உடம்புக் கொழுப்பில இருந்து லெப்டின் எண்டு ஒரு ஹோர்மோன் வருது, 1994ல நியூயோர்க்கில ஜெப்ரி பிரீட்மனின்ட ஆய்வுகூடம் கண்டுபிடிச்சது, கொழுப்புக் குறைஞ்சா லெப்டின் குறையும், மூளை அதைப் பாத்து "சாமான் குறையுது, சாப்பிடு" எண்டு சொல்லும். வயித்தில இருந்து கிரெலின் எண்டு இன்னொண்டு, 1999ல ஜப்பான்காரர் கண்டது, அது பசியைக் கிளப்பும். 2011ல மெல்பேர்ன்ல ஒரு ஆராய்ச்சி, 50 பேருக்கு பத்துக் கிழமை மிகக் குறைஞ்ச கலோரிச் சாப்பாடு குடுத்து மெலிய வச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தாலும் அந்தப் பசி ஹோர்மோன்கள் பழைய நிலைமைக்கு வரேல்ல, பசியும் கூடத்தான் இருந்திச்சு. ஒரு வருஷம்! இப்பிடி ஒரு உடம்போட நிண்டு மல்லுக்கட்டிக்கொண்டு மனக்கட்டுப்பாடு இல்லையெண்டு அழுறது நியாயமே இல்ல.

இனி என்ன செய்யிறது. மத்தியானம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு சோறு திருப்பிப் போடுங்க, சிவப்பரிசி எண்டா நல்லது, கீரி சம்பாதான் வீட்டில இருக்கெண்டா அதுவும் பரவால்ல. அதோட ரெண்டு கரண்டி கட்டிப் பருப்பு, ஒரு பெரிய துண்டு மீன், கீரை ஒரு குவியல், வல்லாரைச் சம்பல். காலமை பிளேன்டீயோட ரெண்டு அவிச்ச முட்டை. மூண்டரை மணிக்கே, பசி வர முதலே, ஒரு கைப்பிடி அவிச்ச கடலை தேங்காய்ச் சொட்டோட. பத்து நாள் செய்து பாத்திட்டு எழுதுங்கோ. மகளின்ட பிஸ்கட்டுக்கு இந்தக் கைப்பிடிக் கடலை குடுக்கிற பாதுகாப்பை எந்த வைராக்கியமும் குடுக்காது.

மிஸ், நான் கோல் சென்டர்ல நைட் ஷிஃப்ட். விடிய வேலை முடிஞ்சு வரேக்க பேக்கரியில ரெண்டு கிம்புலா பனிசும் பால் தேத்தண்ணியும். படுத்து ரெண்டு ரெண்டரை மணித்தியாலத்தில பசியில எழும்பிடுறன், பிறகு நாள் முழுக்க ரோல்ஸ், பற்றிஸ் எண்டு போகுது. சாப்பிட்ட பிறகும் ஏன் இப்பிடி? – கொட்டாஞ்சேனை வாசகர், 27 வயது

தம்பி, ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் எண்டு நீங்க சரியாக் கணக்கு வச்சு எழுதியிருக்கிறீங்க பாருங்க, அதிலதான் பதிலே இருக்கு. கிம்புலா பனிஸ் வெள்ளை மா, மேல சீனி, தேத்தண்ணிக்குள்ளயும் சீனி. இது வயித்தில நிக்கிற சாப்பாடு இல்ல, கெதியா இரத்தத்துக்குப் போயிடும், சீனி மட்டம் ஏறும், இன்சுலின் வந்து இறக்கும், சில ஆக்களுக்கு அந்த இறக்கம் தொடங்கின இடத்துக்கும் கீழ போயிடும். 2021ல வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களுக்கு கையில சென்சர் பூட்டிப் பாத்தாங்க. சாப்பிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில சீனி பெரிசா இறங்கிற ஆக்களுக்குப் பசி கூட, அடுத்த சாப்பாட்டுக்குக் கெதியாப் போறாங்க, அந்த நாள் முழுக்கப் பாத்தா மற்ற ஆக்களை விட 300 கலோரிக்கு மேல கூடச் சாப்பிட்டிருக்காங்க. ஒரே காலைச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதமா நடந்திருக்கு எண்டதையும் கவனிங்க, உங்கட பிரெண்ட் அதே பனிசைச் சாப்பிட்டிட்டு மத்தியானம் வரைக்கும் சும்மா இருக்கலாம், உங்களால ஏலாது, அதில குற்றம் ஒண்டும் இல்ல.

மற்றது நித்திரை, இதை நீங்க கேக்கேல்ல ஆனா நான் சொல்லத்தான் வேணும். 2004ல சிக்காகோவில 12 இளம் ஆம்பிளைகளை ரெண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டுப் பாத்தாங்க. லெப்டின் 18 வீதம் குறைஞ்சது, கிரெலின் 28 வீதம் கூடினது, ஆசை வந்தது இனிப்புக்கும் மாப்பொருளுக்கும் உப்புத் தீனிக்கும்தான். ஒரு கிழமையே இல்ல, ரெண்டே ரெண்டு இரவு! நீங்க எத்தினை மாசமா இந்த ஷிஃப்ட் செய்யிறீங்க? பகல்ல யன்னலுக்குக் கனத்த துணி போட்டு ரூமை இருட்டாக்கி, போனை மற்ற ரூமில வச்சு, ஆறேழு மணித்தியாலம் படுக்கிறது உங்கட டயட்டின்ட பெரிய பகுதி, அதைச் செய்யாம சாப்பாட்டை மட்டும் மாத்தினா பாதி வேலைதான் நடக்கும்.

விடிய வந்து என்ன சாப்பிடலாம் எண்டா, பாண் விருப்பமெண்டா பாணே சாப்பிடுங்க, ரெண்டு துண்டு, ஆனா பருப்புக் கறியோட ஒரு முட்டை ஒம்லட்டோட. கொட்டாஞ்சேனையில விடியக் கடை திறந்த உடன கௌபி, கடலை கிடைக்கும், அதையும் பாருங்க. தேத்தண்ணியில சீனியை மூண்டு கரண்டியில இருந்து ரெண்டு, பிறகு ஒண்டு எண்டு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இறக்குங்க, நாக்கு பழகிடும்.

சீனிக்குப் பதிலா கித்துல் கருப்பட்டி, பனங்கட்டி போட்டா பசி வராதாம், மெலியலாமாம், உண்மையா? – பம்பலப்பிட்டி வாசகி

இல்ல. ருசி வேற, ஆனா உள்ள இருக்கிறது பெரும்பாலும் சீனியில இருக்கிற அதே சுக்குரோஸ்தான். கருப்பட்டியைக் கடிச்சுக்கொண்டு பிளேன்டீ குடிச்சா ஒரு சின்னத் துண்டோட முடிச்சிடலாம் எண்டது நல்ல பழக்கம், அதுக்காக வேணுமெண்டா வச்சிருங்க. தேத்தண்ணிக்குள்ள கரைச்சா சீனி மாதிரியே நினைச்சு அளந்து போடுங்க. உலக சுகாதார நிறுவனம் சேத்துப் போடுற சீனி, தேன், பாணி, ஜூஸ் எல்லாத்தையும் ஒண்டாக் கூட்டித்தான் அளவு சொல்லுது, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள வந்தா நல்லது, அது ஆறு தட்டைத் தேக்கரண்டி, குவிச்சு அள்ளினா நாலோட முடிஞ்சிடும்.

எனக்கு 61 வயது, பதினொரு வருஷமா சீனி வருத்தம், மெற்ஃபோர்மினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறன். மகன் கனடாவில இருந்து சொல்றார் சோத்தை முற்றா நிப்பாட்டச் சொல்லி. நாளைக்கே தொடங்கலாமா? – தெஹிவளை வாசகர்

ஐயா, தயவு செய்து நாளைக்குத் தொடங்க வேண்டாம். கிளிக்ளசைட் குளிசை நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், மாச்சத்தை ஒரே அடியா எடுத்தா சீனி கீழ விழலாம், வேர்க்கும், கை நடுங்கும், தலை சுத்தும், தனிய ரோட்டில நிக்கேக்க வந்தா ஆபத்து. கிளிபென்கிளமைட் எடுக்கிறவங்களுக்கும் இன்சுலின் ஊசி போடுறவங்களுக்கும் இதே கதைதான். முதல்ல உங்கட கிளினிக்கில டொக்டரிட்டப் போய் "சோத்தைக் குறைக்கப் போறன், குளிசையின்ட அளவைப் பாருங்கோ" எண்டு சொல்லுங்க. அப்பிடி நடுக்கம் வந்தா மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, கால் மணித்தியாலத்தால திருப்பி செக் பண்ணுங்க. அந்த நேரத்துக்கு சீனிதான் மருந்து, கூச்சப்பட வேண்டாம்.

முற்றா நிப்பாட்டவும் தேவையில்ல. எங்கட நாட்டில ஆக்கள் சாப்பிடுற சக்தியில கிட்டத்தட்ட 70 வீதம் மாச்சத்தில இருந்துதான் வருது, இது கூடத்தான், அதை ஒப்புக்கொள்றன். நான் ஒருக்கா ஒஃபிசுக்கு வந்த ஒரு சோத்துப் பாசலைப் பிரிச்சுத் தராசில போட்டுப் பாத்தன், சோறு மட்டும் 450 கிராம், அதுக்குப் பக்கத்தில விரல் அளவு மீன் துண்டும் ஒரு கரண்டி பருப்பும் கொஞ்சம் கோவா வறையும். அந்தப் பாசலைத் தலைகீழாப் புரட்டுங்க ஐயா, பிளேட்டில பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிதான் சோறு. சோறு தனியாப் போனா வேகமா சீனியாகும், நாரும் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் சேந்து போனா வயிறு அதை ஆறுதலாத்தான் விடும், குடலும் ஜி.எல்.பி-1 மாதிரி வயிறு நிறைஞ்ச செய்தி சொல்ற ஹோர்மோன்களை விடும். இப்ப கொழும்பில எல்லாரும் கேக்கிற அந்த மெலியிற ஊசி இருக்கே, அது செய்யிறது இந்த ஹோர்மோனைப் போல நடிக்கிறதுதான்.

சாப்பிடுற ஒழுங்கையும் மாத்திப் பாருங்க. 2015ல நியூயோர்க்கில உங்களைப் போல சீனி வருத்தக்காரர் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை ரெண்டு விதமாக் குடுத்தாங்க, ஒரு நாள் பாண் முதல்ல, மற்ற நாள் கோழியும் மரக்கறியும் முதல்ல, பாண் கடைசில. கடைசில பாண் சாப்பிட்ட நாள் ஒரு மணித்தியாலத்தில சீனி 37 வீதம் குறைவு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா செய்து பாக்க ஒரு சதமும் செலவில்ல. கீரையையும் மீனையும் பாதி சாப்பிட்டிட்டுப் பிறகு சோத்தைப் பிசைங்க. உங்களிட்ட மீற்றர் இருக்கெண்டு எழுதியிருக்கிறீங்க, ரெண்டு மணித்தியாலத்தால குத்திப் பாத்து ஒரு கொப்பியில எழுதி வைங்க, கனடாவில இருக்கிற மகனுக்கும் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

சோத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சமைச்சு பிரிட்ஜில வச்சா கலோரி பாதியாகும் எண்டு ஒரு வீடியோ வருது. இலங்கையில கண்டுபிடிச்சதாம். செய்யலாமா? – மட்டக்குளி வாசகி

இலங்கைதான், ராஜகிரியில இருக்கிற இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில செய்த வேலை, 2015ல அமெரிக்க இரசாயனச் சங்கத்தின்ட கூட்டத்தில சொன்ன உடன உலகம் முழுக்கப் பேப்பர்ல வந்தது, எங்களுக்கெல்லாம் அந்த நேரம் பெரிய பெருமை. அரிசியின்ட நிறையில 3 வீதம் அளவு தேங்காய் எண்ணெயைக் கொதிக்கிற தண்ணியில விட்டு, சோறு ஆக்கி, 12 மணித்தியாலம் பிரிட்ஜில வச்சா மாச்சத்தில ஒரு பங்கு இறுகி, சிறுகுடல்ல சீரணிக்காம நார் மாதிரிப் பெருங்குடலுக்குப் போகும். பிறகு சூடாக்கினாலும் பெருமளவு அப்பிடியே இருக்கும்.

ஆனா அந்தப் பாதிக் கணக்கு, 50, 60 வீதம், நல்ல அரிசி இனத்தைத் தேடிச் செய்தா வரலாம் எண்ட எதிர்பார்ப்பு, அளந்து கண்டது இல்ல. அவங்க பரிசோதிச்ச சாதாரண அரிசிக்கு பத்து வீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் குறையும் எண்டு கணக்குச் சொன்னாங்க. அதால பிரிட்ஜில வச்ச சோறெண்டு ரெண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்டா கணக்குப் பிழைச்சிடும். எங்கட அம்மம்மாக்கள் இரவுச் சோத்தைத் தண்ணி ஊத்தி வச்சு விடியத் தயிரும் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பழஞ்சோறு சாப்பிட்டதிலயும் கொஞ்சம் இதே விஷயம் இருக்கு. ஒரு எச்சரிக்கை, கொழும்புச் சூட்டில ஆக்கின சோத்தைக் குசினியில மணிக்கணக்கா வச்சிட்டுப் பிறகு பிரிட்ஜில வைக்காதீங்க, சோத்தில வளர்ற ஒரு பக்டீரியா விடுற நஞ்சு சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில பரப்பி ஆறவிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள உள்ள வைங்க.

என்ட அவர் யூடியூப் பாத்திட்டு, இன்சுலின்தான் பசிக்குக் காரணம், மாச்சத்து இல்லாட்டி பசியே வராது, இறைச்சியும் பட்டரும் எவ்வளவும் சாப்பிடலாம் எண்டு நிக்கிறார். வீட்டில ரெண்டு அடுப்புச் சமையல் நடக்குது. ஆர் சொல்றது சரி? – கொள்ளுப்பிட்டி, வங்கி ஊழியர்

அவர் சொல்றதில ஒரு பகுதி சரி. மாச்சத்தை நல்லாக் குறைச்ச கன பேருக்குப் பசி அடங்கியிருக்கு, புரதம் கூடுறதும், மாச்சத்துக் குறையேக்க ஈரல் கொழுப்பில இருந்து செய்யிற கீட்டோன் எண்ட எரிபொருள் வாறதும் அதுக்குக் காரணமா இருக்கலாம், அவருக்கு ஒத்துக்கொள்ளுதெண்டா நான் சண்டைக்கு வரமாட்டன். ஆனா "இன்சுலின் ஏறினா பசி ஏறும்" எண்ட சூத்திரம் அவ்வளவு நேரா வேலை செய்யாது. அமெரிக்காவில கெவின் ஹோல் எண்டவரின்ட குழு 20 பேரை நாலு கிழமை ஆஸ்பத்திரியிலயே தங்க வச்சுப் பாத்தது, ரெண்டு கிழமை இறைச்சி, கொழுப்பு கூடின, மாச்சத்து மிகக் குறைஞ்ச கீட்டோ எண்ட சாப்பாடு, ரெண்டு கிழமை கொழுப்புக் குறைஞ்ச, மாச்சத்து கூடின மரக்கறிச் சாப்பாடு, ரெண்டும் வேணுமான அளவு சாப்பிடலாம். மாச்சத்துக் கூடின நாட்கள்ல சீனியும் இன்சுலினும் நல்லா ஏறினது, ஆனா ஆக்கள் சாப்பிட்டது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 690 கலோரி குறைவு! பசி கூடினதாவும் சொல்லேல்ல. 2021ல வந்தது.

அதே ஆள் 2019ல செய்தது எனக்கு இன்னும் முக்கியமாப் படுது. சீனி, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஒரே அளவா வாற மாதிரி ரெண்டு மேசை வச்சாங்க, ஒண்டில பெக்கற்றில வாற ஆலைச் சாப்பாடு, மற்றதில வீட்டில சமைக்கிற மாதிரிச் சாப்பாடு. ஆலைச் சாப்பாடு சாப்பிட்ட கிழமைகள்ல ஒரு நாளைக்கு 500 கலோரி கூடப் போனது, ஆக்கள் வேகமாவும் சாப்பிட்டாங்க. அப்ப சோறு எண்ட பேரும் மாச்சத்து எண்ட பேரும் மட்டும் பாத்து எதிரியைப் பிடிக்க ஏலாது, சோயா மீற் பெக்கற்றும் சொசேஜும் கீட்டோ பாரும் அவரின்ட பிளேட்டில எவ்வளவு இருக்கு எண்டு பாருங்க.

உங்களுக்கு நான் சொல்றது, ஒரே அடுப்பில சமைங்க. மீன் குழம்பு, பருப்பு, ரெண்டு மரக்கறி, ஒரு கீரை. அவர் சோத்தை விடட்டும், நீங்க ஒரு கோப்பை போடுங்க. ஸ்டான்ஃபோர்ட்ல 2018ல 609 பேரை ஒரு வருஷம் வச்சுப் பாத்தப்போ கொழுப்புக் குறைச்சவங்க 5.3 கிலோ, மாச்சத்துக் குறைச்சவங்க 6 கிலோ, வித்தியாசமே இல்லையெண்ட அளவு. ரெண்டு பக்கத்துக்கும் சொன்னது ஒரே விஷயம், சீனியையும் வெள்ளை மாவையும் விட்டு மரக்கறியைக் கூட்டுங்க எண்டு. இதுக்காகப் புருஷன் பெண்சாதி சண்டை பிடிக்க வேண்டாம்.

உருளைக்கிழங்கு டயட்டுக்குக் கூடவே கூடாதா? – மருதானை வாசகர்

அவிச்ச கிழங்கெண்டா தாராளமா. 1995ல சிட்னியில 38 சாப்பாடுகளை ஒரே கலோரி அளவில குடுத்து, ரெண்டு மணித்தியாலம் வயிறு எவ்வளவு நிறைஞ்சிருக்கு எண்டு கேட்டுக் கேட்டு எழுதினாங்க. வெள்ளைப் பாணை 100 எண்டு வச்சா அவிச்ச உருளைக்கிழங்கு 323, எல்லாத்திலயும் முதலாமிடம், மீன் 225, குரோசோன் 47. இவ்வளவுக்கும் கிழங்கு கெதியா சீனியாகிற சாப்பாடு, தண்ணியும் பருமனும் கூட எண்டதால வயிறு நிறைஞ்சிடுது, 240 கலோரிக்கு எவ்வளவு கிழங்கு சாப்பிடோணும் எண்டு யோசிச்சுப் பாருங்க. எண்ணெயில பொரிச்சு உப்புப் போட்ட உடன கதை மாறிடும். மரவள்ளி, வத்தாளங்கிழங்கு அவிச்சு கட்டச் சம்பலோட அளவாச் சாப்பிடலாம்.

மகனுக்கு 15 வயது. சாப்பாடு குறைவு, ஆனா குண்டாகிறான். டியூஷனுக்குப் போய் வரேக்க சோடா, வீட்டில மைலோ. குடிக்கிறதெல்லாம் கணக்கா? – கிராண்ட்பாஸ், ஒரு அம்மா

கணக்குத்தான் அம்மா, அதுவும் வயிறு கணக்கெடுக்காத கணக்கு. 2000ல ஒரு ஆராய்ச்சி, 15 பேருக்கு ஒரு நாளைக்கு 450 கலோரி, ஒரு மாசம் ஜெலி இனிப்பாவும் ஒரு மாசம் சோடாவாவும். இனிப்பாச் சாப்பிட்ட மாசம் மற்றச் சாப்பாட்டை அறியாமலே குறைச்சிட்டாங்க, சோடாவாக் குடிச்ச மாசம் ஒண்டும் குறையேல்ல, நிறை கூடினது. மெல்லாமப் போற சீனியை உடம்பு சாப்பாடா எடுக்கிறதில்ல, தோடம்பழத்தை உரிச்சுச் சாப்பிடுறதுக்கும் நாலு பழத்தைப் பிழிஞ்சு ஒரே மடக்கில குடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 2016ல இருந்து எங்கட சோடாப் போத்தல்கள்ல சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு அடையாளம் இருக்கு, மகனையே வாசிக்கச் சொல்லுங்க. 100 மில்லிக்கு 11 கிராம் எண்டு இருந்தா 400 மில்லிப் போத்தல்ல 44 கிராம், பதினொரு தேக்கரண்டி. அந்தப் பதினொரு கரண்டியையும் ஒரு கிளாசில அள்ளிப் போட்டு அவன்ட கண்ணால பாக்க விடுங்க, ஏச வேண்டாம், குண்டன் எண்டு சொல்லவும் வேண்டாம், வளர்ற பிள்ளை. சாப்பாட்டைக் குறைக்காம குடிக்கிறதை மட்டும் தண்ணிக்கும் பாலுக்கும் மாத்துங்க.

மிஸ், நோன்பு காலத்தில மெலியிறதுக்குப் பதிலா நிறை கூடுது. நோன்பு திறந்த பிறகு சாப்பாட்டை நிப்பாட்டவே ஏலாம இருக்கு. – கொம்பனித்தெரு வாசகி

நீங்க எழுதின மேசையை நினைச்சுப் பாத்தன், பேரீச்சம்பழம், சர்பத், பலூடா, ரோல்ஸ், சமோசா, அதுக்குப் பிறகு கஞ்சி. அந்த ஒழுங்கை மட்டும் மாத்துங்க சகோதரி. ரெண்டு பேரீச்சம்பழமும் தண்ணியும், உடன கஞ்சி. நோன்புக் கஞ்சியில அரிசி இருந்தாலும் பருப்பு, இறைச்சி, தேங்காய்ப்பால், வெந்தயம் எல்லாம் சேர்ந்திருக்கு, சுடச்சுட ஆறுதலாத்தான் குடிக்க ஏலும், வயிறு நிறைஞ்ச செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் குடுக்கும். பிறகு தொழுதிட்டு வந்து, அதுக்குப் பிறகும் பசி இருந்தா ரோல்ஸ் ஒண்டு. பலூடாவை நாளாந்தம் இல்லாம வெள்ளிக்கிழமைக்கு எண்டு வைங்க. ஸஹருக்கு, அதாவது விடிய முதல் சாப்பாட்டுக்கு, பாணும் சீனித் தேத்தண்ணியும் எண்டு எழுதியிருக்கிறீங்க, அது பத்து மணிக்கே காலை வாரும், சோறு, பருப்பு, முட்டை, கொஞ்சம் தயிர் எண்டு எடுத்தா லுஹர், மத்தியானத் தொழுகை, தாண்டியும் தாங்கும்.

அக்கா, எனக்கு 19. ஆப்பில 800 கலோரி செட் பண்ணி வச்சிருக்கன். சோறு ரெண்டு மாசமாத் தொடேல்ல. பகல் முழுக்க சாப்பாட்டு வீடியோதான் பாக்கிறன், லெக்சர்ஸ் ஒண்டும் மூளையில ஏறுதில்ல, சாப்பிட்டாலும் பயமா இருக்கு. பசியை எப்பிடி நிப்பாட்டுறது? – மோதர வாசகி

பிள்ளை, உங்கட மெசேஜை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்ல. இந்தப் பசியை நிப்பாட்ட நான் வழி சொல்லமாட்டன், ஏனெண்டா இந்த முறை பசிதான் சரி, ஆப்தான் பிழை.

1944, 45ல அமெரிக்காவில மின்னசோட்டாவில அன்சல் கீஸ் எண்டவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அரைப் பட்டினி போட்டு ஆறு மாசம் பாத்தார், போரில பட்டினி கிடந்த சனங்களுக்கு எப்பிடி உதவலாம் எண்டு தெரிஞ்சுகொள்ள. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1,570 கலோரி குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்குப் படிப்பு, சிநேகிதம் ஒண்டிலயும் மனம் போகேல்ல, சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பில்ல, சில பேர் சமையல் புத்தகங்களைச் சேத்து வச்சு வாசிச்சாங்க. நீங்க சாப்பாட்டு வீடியோ பாக்கிறதும் அதேதான். அவங்களுக்குக் குடுத்ததில பாதியளவுதான் நீங்க சாப்பிடுறீங்க பிள்ளை.

இண்டைக்கே அம்மாவிட்டயோ, நம்பிக்கையான ஒரு பெரியாக்களிட்டயோ என்ட இந்தப் பதிலைக் காட்டுங்க. மாதவிடாய் தவறியிருந்தா, தலை சுத்தினா, முடி கொட்டினா அதையும் சொல்லுங்க, டொக்டரிட்டப் போய் இரத்தம் செக் பண்ணோணும். சாப்பிடப் பயமா இருக்கு எண்டதைக் கதைக்க ஆள் வேணுமெண்டா தேசிய மனநல நிறுவனத்தின்ட 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்லயே கதைக்கலாம். ஆப்பை அழிச்சிடுங்க. டொக்டரைக் காணுற வரைக்கும் இப்ப சாப்பிடுறதில ஒண்டையும் குறைக்காதீங்க, மத்தியானம் வீட்டில எல்லாரும் சாப்பிடேக்க அவங்களோட இருந்து அம்மா போட்டுத் தாறதை ரெண்டு வாயாவது கூடச் சாப்பிடுங்க. நீங்க மெசேஜ் போட்ட அதே இலக்கத்துக்கு, டொக்டரைக் கண்டிட்டன் எண்டு ஒரு வரி எனக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கொண்டே இருப்பன்.